ஏழை வீட்டுக்கு டி.வி. வந்தது

திங்கட்கிழமை அந்த ஏழைப் பையனின் காலில் செருப்பு முளைத்தது. செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்கு மிக்ஸி வந்தது. புதன்கிழமை சுவரில் கடிகாரம் ஏறியது. வியாழக்கிழமை காலையில் டி.வி.யே வந்துவிட்டது.

"இந்த வேகத்துல போனா ஞாயித்துக்கிழமை மாடி கட்டி கிரகப்பிரவேசம் வச்சிருவாங்க மேடம்," என்றார் ஜஸ்டின்.

ரூமானா சிரிக்கவில்லை. ஆறடி அகல ஓவியத்துக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

நார்த்தாமலைக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு ரெசார்ட்டின் வரவேற்புக் கூடம் அது. படத்தின் பெயர் 'பசி'. மண்சுவர் வீடு. கன்னத்தில் கைவைத்த அப்பன். கண் குழிவிழுந்த பையன். நடுவில், பார்க்கிற நம்மை நோக்கி வெறும் அலுமினியப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டிருக்கும் தாய். எல்லாவற்றின் மேலும் பழுப்பு நிறத்தில் ஒரு துக்கம். கீழ் மூலையில் வரைந்தவரின் கையெழுத்து பெரிதாக: சந்தோஷ்.

"பேரு சந்தோஷ்குமாரு. போடுறது பூரா ஒப்பாரி," என்று முணுமுணுத்தார் ஜஸ்டின்.

ஜஸ்டினுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆலங்குடி - புதுக்கோட்டை மினி பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். பஸ் நின்று போனது, வாய் நிற்கவில்லை. ரூமானா ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பதினொரு வருடம் விபத்து கிளெய்ம்களைச் சோதித்தவள். பொய் சொல்லும் மாடுகளைக்கூடப் பார்த்திருப்பதாகச் சொல்வாள். இரண்டு வருடமாக இருவரும் புதுக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார்கள்.

"சனிக்கிழமை சென்னையிலேர்ந்து வேன் வருதும்மா," என்றார் ரெசார்ட் முதலாளி ராஜா முகமது. இருபது வருடம் ஷார்ஜாவில் இருந்து வந்தவர். இப்போது இரண்டு நாளாகத் தூங்காதவர். "கிராமத்து வறுமைன்னு பெரிய கண்காட்சி. அழைப்பிதழ்லயே இந்தப் படத்தைத்தான் போட்டுருக்காங்க. பசின்னு பேரு வச்சுட்டு உள்ள மிக்ஸி இருந்தா, மிக்ஸி விளம்பரம்னுல்ல நெனப்பாங்க?"

"கேமரா இல்லியாண்ணே?" என்றாள் ரூமானா.

"இருக்கு. கல்லாவப் பாத்து."

"மேனேஜரை நம்பல. படத்தை நம்பிட்டீங்க பாய்," என்றார் ஜஸ்டின்.

ரூமானா டி.வி.க்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். ஒரு காலத்தில் அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த அதே டப்பா டி.வி. மேலே பூப்போட்ட துணி. துணியின் மேல் பல் உடைந்த ஒரு சீப்பு.

"ஜஸ்டின், ஒங்க வீட்டுல சீப்பு எங்க இருக்கும்?"

"டி.வி. மேல."

"எங்க வீட்டுலயும் அங்கதான். குறும்பு பண்ண வந்தவன் அவசரத்துல டி.வி. வரைவான். சீப்பு வரைய மாட்டான். இது கேலி இல்ல. ஒரு நிஜ வீட்டுல இருந்த நிஜ டி.வி."

அவள் கண் படத்தின் மற்ற இடங்களில் மெல்ல ஊர்ந்தது. செருப்பு, மிக்ஸி, கடிகாரம், டி.வி. இந்த நான்கையும் தவிர எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதை அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அப்போது ராஜா முகமதுவின் செல்போன் அடித்தது. ஓவியர் சந்தோஷ்குமார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி ரூமானா சைகை காட்டினாள்.

"டி.வி.யுமா?" என்று அலறியது குரல். "முகம்? முகத்துல ஒண்ணும் தெரியலியே?"

"முகம் அப்படியே அழுதுக்கிட்டுத்தான் இருக்கு சார்."

"அப்பாடா. யாரும் கிட்டப் போகாதீங்க. தொடாதீங்க. தண்ணி படவே கூடாது. நாலு மணிக்கு நான் வாரேன். யாரு வேலைன்னு எனக்குத் தெரியும். திருவரங்குளம் பக்கம் பிச்சைமுத்துன்னு ஒரு ஆளு. அவன் குடும்பத்தத்தான் நான் வரைஞ்சேன். அவன் சம்சாரம் செவந்தி இருக்கே, அது சண்டைக்காரி. அதுங்கதான் வந்து கிறுக்கிருக்குங்க. போலீஸ்ல எழுதிக் குடுத்து உள்ள வைக்கிறேன்."

போன் துண்டிக்கப்பட்டது. ராஜா முகமதுவின் முகம் மாறிப்போயிருந்தது.

"என்னண்ணே?"

"செவந்தின்னு சொன்னாரே... பிச்சைமுத்து சம்சாரம், திருவரங்குளம்... அது நம்ம கிச்சன்லதாம்மா இருக்கு. போன மாசம்தான் வேலைக்குச் சேர்ந்துச்சு."

ஜஸ்டின் படத்தில் இருந்த ஒட்டி உலர்ந்த தாயைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தார். சற்று முன் வெளியூர்ப் பெண்கள் நான்கு பேர் இந்தப் படத்தின் முன்னால் நின்று 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டிவிட்டு, உள்ளே போய் அதே தாய் அவித்த இடியாப்பத்தை மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

*

செவந்தி ஆள் வாட்டசாட்டமாக இருந்தாள். சமையலறை முழுவதும் அவள் குரல்தான் கேட்டது. இரண்டு பேரைப் பார்த்ததும் கேட்காமலே ஒரு தட்டு பருப்பு வடையை எடுத்து, அவர்கள் பக்கம் சாய்த்து நீட்டினாள்.

"சூடா இருக்கையில எடுத்துக்கங்க. என்ன கேக்கணுமோ அப்பறம் கேளுங்க."

ஜஸ்டின் இரண்டு எடுத்துக்கொண்டார். ரூமானா வடையை எடுக்காமல், தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த செவந்தியின் கையையே ஒரு கணம் பார்த்தாள்.

"வெளியில இருக்குற படத்துல யாரோ சாமான் சாமானா வரையிறாங்க. நீங்களா அக்கா?"

"நானா? எனக்குக் கோலமே கோணலா வரும். எங்க தெருவுல போயிக் கேளுங்க. நான் ஒண்ணும் வரையல. பிரஷ்ஷக் கையால தொட்டது கெடையாது."

"அது ஒங்க குடும்பம்னு அந்த ஓவியர் சொல்றாரே?"

அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த செவந்தியின் கரண்டி நின்றது. "சொல்லிட்டாரா?" என்றாள். பிறகு மறுபடி கிண்டத் தொடங்கினாள். "ஆத்தாடி, நான் இங்கிட்டு வேலைக்கு வந்த அன்னைக்கு அந்தப் படத்தப் பாத்துட்டு, பாவம் யாரு பெத்த புள்ளைகளோ, சோத்துக்கு இல்லாம கெடக்குதுகன்னு நானே கண்ணு கலங்கிட்டேன். அது நாந்தான்னு எனக்கு எப்புடித் தெரியும்? என்னிக்கு என் கன்னம் அப்புடி ஒட்டிக் கெடந்துச்சு?"

ஜஸ்டினுக்கு வடை புரையேறியது.

"வீட்டுல நீங்க எத்தனை பேரு?" என்றாள் ரூமானா.

"நாலு பேரு. நான், அவுக, மவன் விக்ரம், மூத்தவ சிவரஞ்சனி. ஆலங்குடில ஒரு பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சரா இருக்கா."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று செவந்தியின் முகம் நினைத்தது. ஜஸ்டின் வெற்றிப் புன்னகையோடு ரூமானாவைப் பார்த்தார்.

வெளியே வந்ததும், "முடிஞ்சது மேடம். அம்மா உள்ள வேலை பாக்குது, மக டிராயிங் டீச்சர். சாமான் சாமானா யாரு வரைவா? சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிரலாம்."

"அதுக்கு முன்னாடி ஆலங்குடிக்கு ஒரு நடை போயிட்டு வருவோம்," என்றாள் ரூமானா.

*

ஜஸ்டினின் மோட்டார் சைக்கிள் புதுக்கோட்டையைத் தாண்டி, திருவரங்குளத்தைத் தாண்டி, ஆலங்குடி பள்ளிக்கூட வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டரை. வழியில் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தையும் அவர் பழக்கதோஷத்தில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சிவரஞ்சனிக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். மெலிந்த, அமைதியான பெண். அம்மாவின் குரலில் பத்தில் ஒரு பங்குதான் அவளுக்கு வாய்த்திருந்தது.

"திங்கள், செவ்வாய், புதன் எங்க இருந்தீங்க?"

"திருச்சில டீச்சர்ஸ் டிரெயினிங் மேடம். காலைல ஆறரைக்குத்தான் வந்து எறங்குனேன். எங்க ஸ்கூல்லேர்ந்து அஞ்சு பேரு ஒண்ணாத்தான் போனோம்."

ஜஸ்டினின் முகம் டயர் காற்று இறங்கியது போல் ஆனது. மூன்று நாளும் இவள் திருச்சியில் இருந்திருந்தால், செருப்பையும் மிக்ஸியையும் கடிகாரத்தையும் வரைந்தது யார்?

"அம்மா வேலை பாக்குற ரெசார்ட்டுக்குப் போயிருக்கீங்களா?" என்று ரூமானா கேட்டாள்.

"இல்ல. அடுத்த வாரம் போகலாம்னு இருந்தேன். அம்மாவுக்கு ஏதும் பிரச்சினையா?"

"இன்னும் இல்ல. நீங்க ஆயில் பெயின்ட்டிங் பண்ணுவீங்களா?"

"இப்பப் பண்றதில்ல." அவள் மேசை மேல் இருந்த குழந்தைகளின் படங்களை அடுக்கினாள். எல்லாம் மாம்பழமும் தேசியக் கொடியும். "எட்டு வருசம் முன்னாடி, நார்த்தாமலைல ஒரு ஓவிய முகாம் நடந்துச்சு. அதுக்காக எங்க வீட்டையே பெருசா ஒண்ணு வரைஞ்சேன். ஒரு பொட்டு வேலைதான் மிச்சம். காயட்டும்னு முகாம் குடோன்ல விட்டுட்டு வந்தேன். அடுத்த வாரம் போனா, கரையான் அரிச்சிருச்சு, எரிச்சிட்டோம்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்பறம் பிரஷ்ஷத் தொட மனசு வரல."

"அந்தப் படத்துக்கு முன்னால பென்சில்ல ஏதாச்சும் போட்டுப் பாத்திருப்பீங்கள்ல?"

"அந்த நோட்டு வீட்டுல இருக்கு."

"அதை எடுத்துக்கிட்டு நாலு மணிக்கு ரெசார்ட்டுக்கு வந்துர முடியுமா? அம்மாவுக்காக."

"வாரேன்," என்றாள் சிவரஞ்சனி. ஏன் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்காக என்றதே போதுமாக இருந்தது.

*

மூன்றரை மணிக்கு ஜஸ்டின் படத்தின் கீழே நின்று, சமையலறையில் கேட்டு வாங்கி வந்த ஐந்தாவது வடையைத் தின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியல மேடம். அம்மாவுக்கு வரையத் தெரியாது. மகளுக்குத் தெரியும், ஆனா ஊர்ல இல்ல. அப்ப யாருதான்..."

வடை கை தவறிச் சுவரோரம் விழுந்தது. ஜஸ்டின் பதறிக் குனிந்து எடுத்தார். அடியில் நகக்கண் அளவில் என்னவோ ஒட்டியிருந்தது.

"அடுப்புக் கரியா? இல்லியே, பழுப்பா இருக்கு. பெயின்ட் தோலு மேடம். எங்க பஸ் முதலாளி ஒரு தடவை வண்டிக்குச் செலவ மிச்சம் பண்றேன்னு ஆயில் பெயின்ட் மேலயே வீட்டுக்கு அடிக்கிற தண்ணி பெயின்ட்ட அடிச்சாரு. மொத மழையில அங்கங்க இப்புடித்தான் தோல் தோலா..."

அவர் நிறுத்தினார். ரூமானா அன்று முதன்முறையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜஸ்டின், அந்தத் தோலைப் பத்திரமா வைங்க."

"வடையை?"

"வடையை நீங்களே சாப்பிடுங்க."

*

நான்கு மணிக்கு ஓவியர் சந்தோஷ்குமார் வந்தார். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, நரைத்த குடுமி, வாசலில் பெரிய கார். கையில் எழுதித் தயாராக வைத்திருந்த புகார் மனு. கூடத்துக்குள் வந்ததும் முதல் வேலையாகப் படத்தில் இருந்த மூன்று முகங்களையும் பார்த்து, மூச்சு விட்டார்.

செவந்தியைச் சமையலறையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓரமாக நின்றாள்.

"இந்தப் பொம்பளைதான்!" என்றார் சந்தோஷ்குமார். "என் படைப்பையே சிதைச்சிருச்சு. இது வெறும் படம் இல்ல சார், ஏழ்மையோட சாட்சி. நாலு நாளு அவங்க குடிசையில உக்காந்து, அவங்க பசியோட பசியா இருந்து வரைஞ்சேன்."

"நாலு நாளும் வீட்டுல யார் யாரு இருந்தாங்க சார்?" என்று ரூமானா பணிவாகக் கேட்டாள்.

"மூணே பேருதான். படத்துல இருக்காங்களே, தெரியல?"

"அவங்க குடும்பம் நாலு பேரு. நாலாவது ஆளு எங்க நின்னுச்சு?"

"வெளிய போயிருக்கும். எனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார். மூணு பேருமே ஒரே இடத்தைப் பாக்குறாங்க. அவங்க பாக்குற இடத்துலதான் நாலாவது ஆளு நின்னுச்சு. கையில பிரஷ்ஷோட."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு பழைய நோட்டோடு சிவரஞ்சனி உள்ளே வந்தாள். அம்மாவைத் தேடிய கண் படத்தில் விழுந்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

சந்தோஷ்குமார் காரின் திசையில் ஒரு அடி வைத்தார். அந்தப் பக்கம் ஜஸ்டின் நின்றுகொண்டிருந்தார். "உள்ள தள்ளி நில்லுங்க சார், படியில நிக்காதீங்க," என்றார் பழைய கண்டக்டர் குரலில்.

"காலைல போன்ல ஒண்ணு கேட்டீங்க சார்," என்று ரூமானா தொடர்ந்தாள். "முகத்துல ஒண்ணும் தெரியலியேன்னு. யாரோ வந்து கிறுக்கிட்டாங்கன்னு நெனைக்கிற ஆளு, முகத்துல கிறுக்கலியேன்னுதான் கேப்பாரு. தெரியிறதுன்னா, உள்ள ஏதோ ஒண்ணு ஏற்கெனவே இருக்கணும். அப்பறம், தண்ணி படவே கூடாதுன்னீங்க. ஆயில் பெயின்ட்டிங் தண்ணிக்கு ஏன் சார் பயப்படுது?"

ரூமானா படத்தின் பக்கம் திரும்பினாள்.

"நாலு நாளா எல்லாரும் ஒரே கேள்வியக் கேட்டுக்கிட்டு இருந்தோம், யாரு வரைஞ்சதுன்னு. யாருமே வரையல. செருப்பு, மிக்ஸி, கடிகாரம், டி.வி. எல்லாம் மொதல்லேர்ந்தே அங்கதான் இருந்துச்சு. மேல அடிச்ச பழுப்பைத்தான் ஒருத்தங்க துடைச்சு எடுத்துருக்காங்க. அதுலயும் ஒரு வேடிக்கை. உள்ள என்ன இருக்குன்னு தேடுறவங்களா இருந்தா அங்கங்க சுரண்டிப் பாத்திருப்பாங்க. இதுல ஒரு எடம்கூடத் தப்பல. மிக்ஸி எந்த மூலையில இருக்கும், டி.வி. எந்தச் சுவத்துல இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லக்கூடிய ஆளு."

அவள் ஒரு துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள்.

"பேத்தல்!" என்று கத்தினார் சந்தோஷ்குமார். "பாய், இதை நிறுத்துங்க. அந்தத் தாய் நீட்டுற வெறும் பாத்திரத்தைப் பாருங்க. அந்தப் பாத்திரத்தைப் பத்தி மட்டும் ரெண்டு பக்கம் கட்டுரை எழுதியிருக்காங்க."

"பாத்தேன் சார். விளிம்பைப் பிடிச்சு நம்ம பக்கம் சாய்ச்சு நீட்டுறாங்க. சோறு கேக்குறவங்க பாத்திரத்தை அப்புடிச் சாய்க்க மாட்டாங்க, போட்டது கொட்டிரும். எடுத்துக்கன்னு குடுக்குறவங்கதான் சாய்ப்பாங்க. இன்னைக்குக் காலைல இவங்க எங்களுக்கு வடை குடுத்தது அப்புடித்தான்." ரூமானா திரும்பினாள். "அக்கா, அந்தப் பாத்திரத்துக்குள்ள என்ன இருந்துச்சு?"

செவந்தி மகளைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அவிச்ச கடலை."

ரூமானா பாத்திரத்தின் மேல் துணியை வைத்து அழுத்தி இழுத்தாள். பழுப்புத் தோல் சுருண்டு உரிந்து விழுந்தது. உள்ளே பாத்திரம் நிறைய, ஓடு வெடித்த, ஈரம் மினுங்கும் அவித்த கடலை.

"அல்லாவே," என்றார் ராஜா முகமது.

சிவரஞ்சனி நோட்டை விரித்தாள். பென்சிலில் அதே வீடு, அதே மூன்று பேர், அதே டி.வி. டி.வி. மேல் அதே சீப்பு. ஓரத்தில் எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"முகாம் நடத்துனது இவருதான்," என்றாள். "கரையான்னு சொன்னதும் இவருதான். நான் அவருக்கு முன்னாலயே அழுதேன். தோள்ல தட்டி, வேற வரைஞ்சுக்கலாம்மான்னு சொன்னாரு."

செவந்திக்கு இதற்குமேல் தாங்கவில்லை. "நாந்தாங்க துடைச்சேன். திங்கக்கிழமை தூசி துடைக்கிற பொண்ணு லீவு. விடியக்காலம் டீ போடுறதுக்கு முன்னாடி நான் ஈரத்துணிய வச்சுத் துடைச்சேன். பயலோட கால்ல நீலச் செருப்பு வந்துச்சு. விக்ரமுக்குத் திருவிழாக் கடையில நான் பேரம் பேசி வாங்குன செருப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நாலு நாளு அசையாம நிக்க வச்சு எம்மவ வரைஞ்ச படமுல்ல இது!"

"என்கிட்ட ஏன் அக்கா சொல்லல?" என்றார் ராஜா முகமது.

"கிச்சன்ல இருக்குறவ சொன்னா, பெரிய ஆர்ட்டிஸ்டு திருடிட்டாருன்னு நம்பிருப்பீங்களா? ஒரேடியா துடைச்சாப் படத்தக் கெடுத்துட்டேன்னு தொரத்திருப்பீங்க. ஒண்ணு ஒண்ணா எடுத்தா, இது ஏன் இப்புடி ஆவுதுன்னு யாராச்சும் ஒருத்தராவது கேப்பீங்கள்ல? அதான் தெனம் ஒரு சாமானா எடுத்தேன்."

"எங்கிட்ட?" என்றாள் சிவரஞ்சனி.

"நான் நெனச்சது தப்பாப் போயிருந்தா, நீ ரெண்டாவது தடவ அழுதிருப்ப."

ரூமானா தலையசைத்தாள். "காலைல நான் கேட்டப்ப, நான் வரையலன்னு சொன்னீங்க."

"நீங்க வரைஞ்சீங்களான்னுதான் கேட்டீங்க. துடைச்சீங்களான்னு கேக்கலியே."

ஜஸ்டின் கைதட்டிவிட்டார்.

சந்தோஷ்குமார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கியிருந்தது. "நான் அதுக்கு ஒரு ஆழம் குடுத்தேன்," என்றார். "நல்லா வரையிற பொண்ணுதான், ஒத்துக்கறேன். ஆனா சிரிக்கிற ஏழையை யாரு சார் வாங்குவா? டி.வி. வச்சிருக்கிற குடிசைய எந்தக் கண்காட்சியில மாட்டுவாங்க? நீங்களே வாங்கியிருப்பீங்களா?"

ராஜா முகமது யோசித்தார். "இல்ல," என்றார் உண்மையாக. "வாங்கியிருக்க மாட்டேன். அழுதாத்தான் பெரிய படம்னு நானும் நெனச்சுட்டேன்."

"நாங்க ஒண்ணும் வசதியானவங்க இல்ல சார்," என்றாள் சிவரஞ்சனி. "அந்த வருசம் அப்பா போட்ட கடலை பாதி காஞ்சு போச்சு. மிச்சம் இருந்ததுல அவிச்சதுதான் அது. கூரையும் ஒழுகுச்சு, அதையும் நான் வரைஞ்சிருக்கேன். கஷ்டம் எதையும் நான் மறைக்கல. ஆனா, அன்னைக்குக் காலைல எங்கம்மா சிரிச்சாங்க. அதை அழிக்க நீங்க யாரு?"

ரூமானா சந்தோஷ்குமாரின் கையில் இருந்த புகார் மனுவை வாங்கி, திருப்பி, வெள்ளையாக இருந்த பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள். இந்தப் படத்தை வரைந்தது பிச்சைமுத்து மகள் சிவரஞ்சனி என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டதும் எழுந்து, யாரையும் பார்க்காமல் காரை நோக்கி நடந்தார். ஜஸ்டின் இந்த முறை வழிவிட்டார்; வாயில் விரலை வைத்து, பஸ் கிளம்புவதற்கு அடிக்கிற விசில் ஒன்றை நீளமாக அடித்தார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அம்மாவும் மகளும் படத்தின் முன்னால் நின்று துடைத்தார்கள். ராஜா முகமது வாளி வாளியாகத் தண்ணீர் வரவழைத்தார். மண்சுவர் வெளுத்தது. பையனின் கண் குழியிலிருந்து ஏறி வந்தது. அவன் வாய் நிறையக் கடலை இருந்தது. பிச்சைமுத்து கன்னத்தில் கைவைத்திருந்தது கவலையால் அல்ல; அசையாமல் இருக்கச் சொன்ன மகளுக்குத் தெரியாமல் சிரிப்பை அமுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் செவந்தியின் முகம் வந்தது. தெற்றுப்பல் தெரிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, கடலைப் பாத்திரத்தை மகளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்த வெளியூர்ப் பெண்கள் நால்வரும் படத்தைப் பார்த்தார்கள். செவந்தியைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள். உச்சுக் கொட்டத் தயாராக இருந்த வாயை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி சமாளித்துக்கொண்டு, "கடலை கெடைக்குமா இங்க?" என்று கேட்டாள்.

இனி கீழ் மூலை மட்டும்தான் பாக்கி. நாலு விரல் அகலத்துக்குப் பழுப்பு. அதில் பெரிய எழுத்தில் கையெழுத்து. செவந்தி துணியைத் தூக்கினாள்.

"அதை விடும்மா," என்றாள் சிவரஞ்சனி. "இந்தப் படத்துல அவரு வரைஞ்சது அந்தப் பழுப்பு மட்டுந்தான். அவரு பேரு அதுலயே இருக்கட்டும்."

ராஜா முகமது சென்னைக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார். "படம் வரும், பேரும் ஆளும் மட்டும் மாறிருச்சுன்னு சொன்னேன். பெறகு, அனுப்புங்க பாப்போம்னாங்க. ஆனா வறுமைக் கண்காட்சியில இதை எங்க மாட்டுறதுன்னு அவங்களுக்குப் புரியலையாம்."

"வாசல்ல மாட்டச் சொல்லுங்க பாய். வர்றவங்களுக்குக் கடலை குடுத்து வரவேற்கும்," என்றார் ஜஸ்டின்.

சிவரஞ்சனி படத்தை விட்டு இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தாள். "இன்னும் முடியல," என்றாள். "அம்மாவோட எடது காதுல தோடு வரையல. அதுதான் அன்னைக்கு மிச்சம் இருந்துச்சு."

ஜஸ்டின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போய், சின்ன பிரஷ் ஒன்றும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை டியூப்களும் வாங்கி வந்தார். எட்டு வருடம் கழித்து சிவரஞ்சனி டியூபின் மூடியைத் திருகினாள். எண்ணெய் வாசனை கூடம் முழுவதும் பரவியது. அவள் கண்ணை மூடி அதை ஒரு தடவை இழுத்துவிட்டு, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தச் சன்னல் பக்கம் போயி நில்லும்மா. தலையக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்பு. சிரிக்காத, தோடு ஆடுது."

"சிரிக்காதன்னா எப்புடிடி? அங்கிட்டு இருக்கவ சிரிக்கிறாள்ல!" என்றாள் செவந்தி. முதலாளியும், துப்பறிபவளும், கண்டக்டரும், நான்கு வெளியூர்ப் பெண்களும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சன்னலோரம் போய் நிமிர்ந்து நின்றாள். "சீக்கிரம் வரைடி. ராத்திரிக்கு முப்பது பேருக்குப் புரோட்டா மாவு பிசையணும்."